மிடறும் கருவியும்: தமிழிசை மரபில் பாடுவோர்க்கு வழங்கும் பெயர்கள் – திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பாடுவோரை இசைக்கலைஞர் என்று கொள்ளலாமா, அப்பெயர் கருவி இசைப்போர்க்கே உரியதா என்னும் வினா இசையுலகில் அவ்வப்போது எழுகிறது. தமிழ் மரபில் இவ்வினாவிற்கு என்ன விடை உள்ளது என்பதைச் சங்க இலக்கியச் சொல்லாட்சி, சிலப்பதிகாரம், பெரியபுராணம், கோயிற் கல்வெட்டுகள், திருவில்லிபுத்தூர் அரையர் சேவை, இக்கால இசைக்கல்விப் பிரிவுகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் ‘இசை’ என்னும் சொல் அடைமொழியின்றி வரும்போது பெரிதும் மிடற்றையே சுட்டியது என்பதும், பாடுவோருள் ஒரு பகுதியினர் தம் செயலை இசை என்னும் சொல்லால் குறிக்காது வேறு சொற்களால் குறித்தனர் என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மிடறு, இயம், பாணர், விண்ணப்பம் செய்வார், அரையர், ஓதுவார், தற்பெயர், மடவார் வளாகம்.

முன்னுரை

திருவில்லிபுத்தூரில் வைத்தியநாத சுவாமி கோயில் அமைந்துள்ள பகுதி மடவார் வளாகம் எனப்படுகிறது. மடவார் என்பது மகளிரைக் குறிக்கும் சொல்லாதலின், மகளிர் வாழ்ந்த இடம் என்று இப்பெயர்க்குப் பொருள் கொள்வது எளிது. ஆயினும் கோயிலைச் சூழ்ந்த இடத்தையும் அங்குள்ள குடியிருப்பையும் கல்வெட்டுகள் ‘திருமடைவளாகம்’, ‘திருமடைவிளாகம்’ என்னும் சொற்களால் குறிப்பதை நோக்க, இப்பெயரும் அவ்வழக்கின் திரிபாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. எவ்வாறு கொண்டாலும், கோயிலைச் சார்ந்து வாழ்ந்தோரின் இருப்பிடத்தை இப்பெயர் நினைவூட்டுகிறது. கோயிலைச் சார்ந்து வாழ்ந்தோருள் பாடுவோரும் ஆடுவோரும் முழக்குவோரும் இருந்தனர். அவர்களை உலகம் எப்பெயரால் அழைத்தது, அவர்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பன இருவேறு வினாக்கள்.

இப்பகுதியின் கோயிற்கலைகள் குறித்துக் கட்டுரையாளர் முதலில் வகுத்த வினாநிரலில் ‘நீங்கள் எத்தனை ஆண்டுகளாக இசைக்கலைஞராக இருக்கிறீர்கள்?’ என்றொரு வினா இடம்பெற்றிருந்தது. திருமுறை ஓதுபவர், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் சேவிப்பவர், தவில் வாசிப்பவர், மேடையில் கீர்த்தனை பாடுபவர் ஆகிய நால்வர்க்கும் அவ்வொரே வினா பொருந்தும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. ஓதுதல், சேவித்தல், வாசித்தல், பாடுதல் என வினைச்சொற்களே வேறுபடும் இடத்தில் வினைமுதலை மட்டும் ஒரே சொல்லால் குறித்தல் முறையாகுமா என்னும் ஐயமே இவ்வாய்விற்குத் தொடக்கமாயிற்று.

இசையும் இயமும்

சங்க இலக்கியத்தில் கலைஞர்க்கு வழங்கும் பெயர்கள் பல. பாணர், பொருநர், கூத்தர், விறலியர், பாடினியர், கோடியர், வயிரியர், அகவுநர், இயவர் என்பன அவற்றுட் சில. இவற்றை அடிச்சொல் நோக்கி வகைப்படுத்தின் ஓர் ஒழுங்கு புலனாகிறது. கோடியர், வயிரியர் என்பன கோடு, வயிர் என்னும் ஊதுகொம்புகளின் பெயரடியாகப் பிறந்தன. பாடினி, அகவுநர் என்பன பாடுதல், அகவுதல் என்னும் செயலடியாகப் பிறந்தன. விறலி என்பது மெய்ப்பாடு தோன்ற ஆடும் திறத்தால் அமைந்தது. எனவே கருவி, செயல், திறம் என்னும் அடிப்படைகளில் பெயர்கள் அமைந்துள்ளன. இவை அனைத்தையும் அடக்கும் பொதுப்பெயர் ஒன்று வழக்கில் இல்லை. ‘இசைக்கலைஞர்’ என்னும் இன்றைய சொல்லை அக்காலத்தின்மேல் ஏற்றி உரைப்பது இதனால் இடர்ப்பாடு உடையதாகிறது.

கருவி இசைப்போர்க்கு மட்டும் ஒரு பொதுச்சொல் இருந்தமை கருதத்தக்கது. அதுவே ‘இயவர்’ என்பது. இயம் என்பது இசைக்கருவி. பல கருவிகள் கூடி ஒலிப்பது பல்லியம். நெடும்பல்லியத்தனார் என்னும் புலவர் பெயரிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. தொல்காப்பியம் யாழையும் பறையையும் நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் வைத்து எண்ணுகிறது. மிடற்றை அவ்வாறு எண்ணவில்லை. குறிஞ்சிக்கு ஒரு யாழும் முல்லைக்கு ஒரு யாழும் உண்டு. குரல் எந்நிலத்திற்கும் பொதுவானது.

பாணரைப் பற்றி நச்சினார்க்கினியர் தரும் பகுப்பு இவ்வாய்விற்கு இன்றியமையாதது. இசைப்பாணர், யாழ்ப்பாணர், மண்டைப்பாணர் எனப் பாணர் மூவகைப்படுவர் என்பது அவர் கருத்து. யாழ்ப்பாணர் கருவியால் பெயர் பெற்றனர். மண்டைப்பாணர், மண்டை என்னும் கலம் ஏந்தி இரந்துண்ணும் வாழ்நிலையால் பெயர் பெற்றனர். எஞ்சிய இசைப்பாணர் பாடுவோர் ஆவர். யாழ் வாசித்தலும் இசையே எனினும், அதனை வாசிப்போர்க்குக் கருவிப்பெயர் அடையாக வந்தது; ‘இசை’ என்னும் சொல் பாடுவோர்க்கு உரிய அடையாக நின்றது. பாடுவோர் இசையாளரா என்று இன்று ஐயுறுவோர் இப்பகுப்பில் அவ்வையத்திற்கு நேர்மாறான நிலையைக் காணலாம்.

மிடறு ஒரு கருவி

சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவியின் அரங்கேற்றத்திற்குத் துணைநின்ற ஆசிரியர்களின் இலக்கணத்தை வரிசையாக உரைக்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்பது அவ்வரிசை. தண்ணுமை, குழல், யாழ் ஆகிய மூன்றும் இசைக்கருவிகளே. ஆயினும் அவற்றின் ஆசிரியர் மூவரும் தத்தம் கருவியாலேயே சுட்டப்பெறுகின்றனர். ‘இசை’ என்னும் சொல் வாய்ப்பாட்டில் வல்லவனும் பாடலுக்குப் பண் அமைப்பவனுமாகிய ஒருவனுக்கே உரியதாகிறது. இசைப்பாணர் என்னும் பெயரில் கண்ட அதே மரபு இங்கும் தொடர்கிறது.

இவ்விசையாசிரியனின் தகுதிகளைக் கூறுமிடத்து, யாழ், குழல், தாளச்சீர், தண்ணுமை ஆகியவற்றுடன் மிடறும் சேர்த்து எண்ணப்படுகிறது. மிடறு என்பது தொண்டை. அது கருவிகளின் வரிசையில் அவற்றோடு ஒத்த ஓர் உறுப்பாக நிற்கிறது. இசைத்தமிழ் மரபு கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐந்தாக வகுப்பதும் இதனோடு இயைகிறது. மத்தளம் தோலாலும், குழல் துளையாலும், யாழ் நரம்பாலும், தாளம் வெண்கலத்தாலும் ஒலிப்பது போல, பாட்டு மிடற்றால் ஒலிக்கிறது. ஆகவே பாடுபவரும் கருவி உடையவரே. அக்கருவி உடலுக்குள் இருப்பதொன்றே வேறுபாடு.

யாழில் அடங்காப் பாடல்

மிடறும் கருவியும் தம்முள் ஒத்த மதிப்புடையன எனினும் அவற்றிடையே போட்டி இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு இதனைக் காட்டுகிறது. திருஎருக்கத்தம்புலியூரினரான யாழ்ப்பாணர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் திருஞானசம்பந்தரைச் சார்ந்து, அவர் பாடும் பதிகங்களை யாழிலிட்டு இசைத்து வந்தார். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், யாழில் இட்டு வாசிப்பதனாலேயே பதிகங்களின் இசை உலகில் பரவுகிறது என்னும் கருத்துப்படப் பேசினர். அதனைக் கேட்டு அஞ்சிய பாணர், கருவியில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பெற்ற பதிகத்தை யாழில் இசைக்க இயலாது போகவே பாணர் யாழை முறிக்க முற்பட்டார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கும் அளவிற்கு வாசித்தலே போதுமென்றார். அப்பதிகத்தின் பண் யாழ்முரி எனப்பட்டது.

இந்நிகழ்ச்சியை மிடற்றின் வெற்றி என்று மட்டும் படிப்பது போதாது. சுற்றத்தாரின் கூற்றில் ஒரு தொழிற்குழுவின் தன்மதிப்பு வெளிப்படுகிறது. தம் கருவியாலேயே பாட்டுப் பரவுகிறது என்பது கருவியாளர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடு. அதனைக் கருவியாளர் ஒருவரே மறுக்கிறார் என்பதில்தான் காப்பியத்தின் நோக்கம் புலனாகிறது. எனினும் வரலாறு அவ்வளவில் நின்றுவிடவில்லை. திருமுறைகண்ட புராணத்தின்படி, தேவாரப் பண்கள் மறைந்திருந்த காலத்தில் அவற்றை மீட்டுத் தந்தவர் இதே யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவர். யாழ் தோற்றதாகச் சொல்லப்பட்ட குடியிலிருந்தே பாட்டிற்கு அதன் இசை திரும்பக் கிடைத்தது. மிடறும் கருவியும் ஒன்றையொன்று காத்துவந்தன என்பதே இவ்விரு கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போது பெறப்படும் பொருள்.

விண்ணப்பம் செய்வார்

கல்வெட்டுகளுக்கு வரும்போது சொல்லாட்சி மாறுகிறது. பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகிறது. ஆயின் கோயிலில் பல பணிகள் செய்வார் என்னும் தொகுதியினுள் ஒருவராகவே அவர்களை வைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை செய்த ஏற்பாடு இன்னும் விரிவானது. திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரும், அவர்களுடன் உடுக்கை வாசிப்பவர் ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவருமாக 50 பேர் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, பாடுபவர்க்கும் முழக்குபவர்க்கும் ஒரே அளவு நெல். ஊதியத்தில் மிடற்றிற்கும் தோற்கருவிக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. இரண்டாவது, வினைச்சொற்களில் வேறுபாடு காட்டப்பட்டுள்ளது. உடுக்கையும் மத்தளமும் வாசிக்கப்படுகின்றன. திருப்பதியமோ விண்ணப்பம் செய்யப்படுகிறது. விண்ணப்பம் என்பது கேட்போர் ஒருவரை முன்னிறுத்திச் சொல்லும் வேண்டுகோள். கேட்போர் இறைவன் ஆதலின், அச்செயலைப் பாடுதல் என்று கூறுவதினும் விண்ணப்பம் என்று கூறுவது பொருந்தும் எனக் கல்வெட்டு வரைந்தோர் கருதினர் எனலாம். இவ்விடத்தில் பெயர்க்கு அடிப்படை கருவியுமன்று, செய்திறனுமன்று. கேட்பவர்க்கும் பாடுபவர்க்கும் இடையிலுள்ள உறவே அடிப்படையாகிறது. பாணர் பெயர்களில் காணாத இவ்வடிப்படையைப் பக்திமரபே தமிழுக்குத் தந்தது.

ஓதுவார் என்னும் பெயரும் இவ்வாறே அமைந்தது. ஓதுதல் என்பது கற்றலையும் கற்றதை முறைப்படி சொல்லுதலையும் குறிக்கும். பண்ணோடு பாடும் ஒருவர், தம்மைப் பாடுபவர் என்னாது ஓதுபவர் என்னும்போது, பாட்டின் சொல்லுக்கு முதன்மை தருகிறார். பண் அச்சொல்லைத் தாங்கும் ஊர்தி ஆகிறது.

திருவில்லிபுத்தூரில் அரையர்

பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர் இச்சொல்வழக்கைக் காண்பதற்கு ஏற்ற களமாகும். ஆண்டாள் திருப்பாவையின் இறுதிப் பாட்டில் தம்மைத் தந்தையின் பெயரொடு சேர்த்துக் கோதை என்று குறித்து, தம் செயலைச் ‘சொன்ன’ என்னும் வினையால் உணர்த்துகிறார். இன்று உலகெங்கும் பண்ணோடு பாடப்பெறும் ஒரு நூலின் ஆசிரியர், தாம் செய்ததைச் சொல்லுதல் என்றே குறித்துள்ளமை கருதத்தக்கது.

ஆண்டாள் கோயிலில் நடைபெறும் அரையர் சேவை இம்மரபின் தொடர்ச்சி. திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தமிழகத் தலங்களிலும் கருநாடகத்து மேல்கோட்டையிலும் இன்றும் நிலவும் இக்கலையில், அரையர் தலையில் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்திப் பாசுரத்தைப் பண்ணுடன் பாடி, அபிநயம் காட்டி, உரையும் கூறுகிறார். மார்கழியில் நிகழும் பகற்பத்து, இராப்பத்து விழாக்கள் இதற்குச் சிறப்புடைய காலம். திருவில்லிபுத்தூரில் முத்துக்குறி என்னும் பகுதியும் நிகழ்த்தப்படுகிறது. பாட்டு, ஆட்டம், உரை, தாளம் ஆகிய நான்கும் ஒருவரிடத்தே கூடியுள்ளன. ஆயின் அவர்க்குரிய பெயர் இந்நான்கனுள் எதனையும் சுட்டவில்லை. அரையர் என்பது அரசர் என்னும் சொல்லின் மற்றொரு வடிவம். தலைமையை உணர்த்தும் மதிப்புப்பெயர். அவர் நிகழ்த்துவதும் நிகழ்ச்சி எனப்படாது ‘சேவை’ எனப்படுகிறது.

இவ்வேறுபாட்டை வைணவ குருபரம்பரைக் கதையொன்று விளக்குகிறது. சோழன் அவையில் ஒரு பெண் மனிதகானமும் மற்றொரு பெண் தேவகானமும் பாடினர். அரசன் முன்னதையே மதித்தான். தேவகானத்தின் அருமையை உணர்ந்து மதித்தவர் நாதமுனிகள். அவரே தம் மருமக்கள் இருவர் வழியே பிரபந்தத்தை இசையோடு சேவிக்கும் முறையை நிலைபெறச் செய்தார் என்பது மரபு. இக்கதை தேவகானத்தை இசை அன்று என்று கூறவில்லை. அது மற்றொரு கேட்போர்க்கு உரிய இசை என்கிறது. திருவரங்கத்து அரையர்களின் பட்டங்களுள் ஒன்று ‘நாதவிநோத அரையர்’ என்பது. அதில் நாதம் உண்டு. ஆயின் அது அரையர் என்னும் பெயர்க்கு அடையாகவே நிற்கிறது.

இப்பகுதியில் வழங்கும் மற்றொரு செவிவழிச் செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. திருவில்லிபுத்தூரில் உச்சிக்கால வழிபாடு நிறைவுற்றதை மதுரையிலிருந்த திருமலை நாயக்கர்க்கு (ஆட்சி 1623–1659) அறிவிக்க, வழிநெடுக மண்டபங்கள் அமைத்து நகரா முழக்கினர் என்பர். நகரா முழக்கியவரும் கருவி வாசித்தவரே. ஆயினும் அவர் எழுப்பியது அறிவிப்பு. கருவி கையில் இருப்பதனாலேயே ஒருவர் இசையாளர் ஆவதில்லை. கருவி இன்மையால் ஒருவர் இசையாளர் ஆகாமற் போவதும் இல்லை.

மேடையும் பள்ளியும்

இருபதாம் நூற்றாண்டில் சபா மேடை வலுப்பெற்றபோது, பாடுபவர் நடுவிலும் வயலின், மிருதங்கம் வாசிப்போர் இருமருங்கிலும் அமரும் முறை நிலைபெற்றது. ‘பக்கவாத்தியம்’ என்னும் சொல்லே அவ்வமைப்பைக் காட்டுகிறது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைத் தாளக்கருவியாளருள் முதலில் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர்; ஆண்டு 1966. மேடையில் ‘இவர் இசையாளரா’ என்ற ஐயத்தை எதிர்கொண்டு தம் நிலையை நிறுவ வேண்டியிருந்தவர் பாடகர் அல்லர், கருவியாளரே என்பதற்கு இவ்வாண்டு ஒரு சான்று. வீணை தனம்மாள் (1867–1938) வீணையை மீட்டியவாறே பாடுவதில் புகழ்பெற்றவர். அவர் பெயர்க்கு முன் நின்றது கருவி மட்டுமே. அவருடைய குரல் பெயரில் இடம்பெறவில்லை.

நாகசுரம், தவில், நட்டுவாங்கம் முதலிய கலைகளில் ஈடுபட்ட குடியினர் மேளக்காரர் என்று பிறரால் அழைக்கப்பட்டனர். அவர்கள் இருபதாம் நூற்றாண்டில் ‘இசை வேளாளர்’ என்னும் பெயரைத் தமக்குரியதாக ஏற்றுக்கொண்டனர். கருவியால் வந்த பெயரை நீக்கி, பண்டு மிடற்றோடு ஒட்டியிருந்த ‘இசை’ என்னும் சொல்லை முழுமையாகத் தமதாக்கிக்கொண்ட செயல் இது. தற்பெயர் என்பது வெறும் சொல் அன்று, அது சமூக மதிப்பை வேண்டி நிற்கும் உரிமைக்குரல் என்பதை இது தெளிவுறுத்துகிறது.

தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்னும் பிரிவுகள் கற்பிக்கப்படுகின்றன. இப்பட்டியலில் குரலிசை வேறு, தேவாரம் வேறு. தேவாரமும் குரலால் பாடப்படுவதே என்றாலும் அது குரலிசையுள் அடக்கப்படவில்லை. இப்பகுப்பிற்கு இரு விளைவுகள் உண்டு. தேவாரம் தன் தனித்தன்மையோடு காக்கப்படுகிறது என்பது ஒன்று. இசை வரலாறு எழுதுவோர் ஓதுவாரைப் பண்களின் காப்பாளராகப் போற்றிவிட்டு, பாடும் கலைஞராக மதிப்பிடாது கடந்துசெல்ல இடமுண்டாகிறது என்பது மற்றொன்று. ஓர் ஓதுவாரின் குரல்வளம், பண்ணை விரிக்கும் திறம், மூச்சடக்கம் ஆகியவை ஆய்வுப்பொருளாக வேண்டின், அவர் இசையாளர் என்பதும் ஏற்கப்பட வேண்டும். அவர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்ளாமை அதற்குத் தடையாகக் கூடாது. அதே வேளையில் அவர்மேல் அப்பெயரைத் திணித்தலும் ஆகாது.

தென்மாவட்ட வில்லுப்பாட்டு இச்சிக்கலைத் தன்போக்கில் தீர்த்துக்கொண்டுள்ளது. தலைமைக் கலைஞர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டியவாறே கதைபாடுகிறார். ஒரே நேரத்தில் அவர் பாடுபவரும் கருவி இசைப்பவரும் ஆவார். அவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பர். குரலையும் கருவியையும் விடுத்து, அவருடைய அறிவையும் ஆசிரியத் தன்மையையும் அப்பெயர்கள் சுட்டுகின்றன.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. இசைப்பாணர், இசையாசிரியன் என்னும் பெயர்களில் ‘இசை’ மிடற்றையே முதன்மையாகச் சுட்டியது. கருவியாளர்க்கு இயவர் என்னும் தனிச்சொல்லும் கருவிவழிப் பெயர்களும் இருந்தன.

2. மிடறு ஐவகைக் கருவிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டமையால், பாடுவோர் இசையாளரா என்னும் வினா தமிழிசைக் கோட்பாட்டில் எழ இடமில்லை.

3. கருவி, செயல், திறம், வாழ்நிலை என்னும் அடிப்படைகளோடு, கேட்போரோடு கொண்ட உறவு என்னும் அடிப்படையைப் பக்திமரபு சேர்த்தது. விண்ணப்பம் செய்வார் என்னும் பெயர் அதனால் அமைந்தது. ஓதுதல், சேவித்தல் என்னும் சொற்களும் இசையினும் பணியையே முன்னிறுத்துகின்றன.

4. இசை வேளாளர் என்னும் பெயரேற்பு, இசை என்னும் சொல்லைக் கருவியாளர் தமதாக்கிக்கொண்டமைக்குச் சான்று.

ஆகவே கலைஞர்களைப் பற்றிய கள ஆய்வில் ‘இசைக்கலைஞர்’ என்னும் ஒரே கட்டத்தில் அனைவரையும் அடைப்பதைத் தவிர்த்தல் வேண்டும். ‘நீங்கள் செய்வதை எச்சொல்லால் சொல்வீர்கள்?’ என்பதே முதல் வினாவாக அமைதல் தகும். கட்டுரையாளரின் வினாநிரலும் அவ்வாறே திருத்தி அமைக்கப்பட்டுள்ளது. மடவார் வளாகம் என்னும் பெயர் அங்கு வாழ்ந்தோரின் இருப்பிடத்தை மட்டுமே நமக்கு விட்டுச்சென்றுள்ளது. அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதை அது கூறவில்லை. இன்று வாழும் ஓதுவாரும் அரையரும் தவில் வாசிப்பவரும் தம்மைக் குறித்துக்கொள்ளும் சொற்களையேனும் உரிய காலத்தில் கேட்டுப் பதிவுசெய்தல் தமிழாய்வாளரின் கடமையாகும்.